சிவப்புச் சீலையும் நான் விழுங்கிய வசனங்களும்

எட்டு ஒன்பது வயதில் டொக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு கதிரையில் உட்கார்ந்து, கால் தரையில் முட்டாமல் ஆட்டிக்கொண்டு, "என்னவாம், என்ன சொல்லுறார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்களே, இது உங்களுக்குத்தான். கட்டடத்து மனேச்சர், வங்கிக் கவுண்டர், குடிவரவு ஒஃபிஸ், பள்ளிக்கூடத்து ரீச்சர் என்று எல்லா இடத்துக்கும் எங்களைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ரீச்சர் எங்களைப் பற்றிக் குறை சொன்ன நாட்களில் எங்கள் மொழிபெயர்ப்பு மிகவும் இனிமையாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கும் இருக்காது.

ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன். முழங்கால் படியேறும்போது ஒரு சத்தம் போடுகிறது. அந்தச் சின்ன வயது வேலையையே நான் தொழிலாகவும் எடுத்துக்கொண்டுவிட்டேன். கோர்ட்டில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். சத்தியம் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு சிவப்புச் சீலை ஞாபகத்துக்கு வரும். தம்பி பிறந்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த சீலை.

அப்போது நாங்கள் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு உயர்ந்த கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருந்தோம். நடையில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வாசம். ஒரு கதவில் வெண்டிக்காய், அடுத்ததில் ஆட்டிறைச்சி, அதற்கடுத்ததில் சாம்பிராணி. அப்பா இரண்டு இடத்தில் வேலை செய்தார். அவரை நான் பெரும்பாலும் தூங்கும் மனிதராகத்தான் அறிந்திருந்தேன். அம்மாவுக்கு ஏழு மாதம் ஆனபோது பெரியம்மா கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். அம்மாவின் அக்கா. பெரியப்பாவைப் போரில் இழந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. வந்து இறங்கிய அன்றே சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அன்ரி இருந்தார். ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் இடத்தில் வேலை. கணவர் கப்பலில் போகிற கனடாக்காரர், வருடத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அன்ரி போர்னியோத் தீவில் சரவாக் என்ற இடத்தைச் சேர்ந்தவர், இபான் என்ற இனம். பெரியம்மா முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டு, "சீனப் பெண்பிள்ளை போல கிடக்கு, ஆனா நிறம் எங்கட நிறம்" என்றார். அன்ரியின் ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வயது. அதனாலேயே எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

தம்பி குறைமாதத்தில் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவான். அம்மாவுக்குப் பால் போதவில்லை. வீடு முழுக்க அந்த ஒரே கவலைதான். பெரியம்மா சரக்குத்தூள் அரைத்தார், எங்கேயோ சொல்லி வைத்துச் சுறா எடுப்பித்தார், உள்ளியைச் சட்டி சட்டியாக அவித்தார். என் பள்ளிக்கூடப் பையிலிருந்தும் உள்ளி மணந்தது. இதோடு வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார்.

"பச்சை உடம்புக்காரிக்கு முன்னால சாவுச் செய்தி ஒண்டும் கதைக்கப்படாது. பால் வத்திப்போகும். விளங்கினதோ?"

விளங்கியது. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வருகிற நீலக் கடிதங்களில் நல்ல செய்தி குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா கடிதங்களைத் தானே முதலில் படித்துவிட்டு, சிலதை அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பார். ஊரில் யாரோ செத்துவிட்டார் என்று ரெலிபோனில் சொல்லத் தொடங்கிய ஒரு உறவுக்காரரை, "பிழையான நம்பர்" என்று சொல்லி வெட்டிவிட்டார். தமிழில்தான் சொன்னார். என் தம்பியின் உயிர் அம்மாவின் பாலிலும், அம்மாவின் பால் எங்கள் வாயிலும் இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன்.

தம்பி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அன்ரி கதவைத் தட்டினார். கையில் ஒரு தலையணை உறைக்குள் மடித்து வைத்த சீலை. விரித்தபோது பெரியம்மா, "ஐயோ!" என்றார். பயத்தில் அல்ல, நல்ல புடவையைக் கண்டால் வருகிற ஐயோ. பழுத்த மாதுளம் தோலுக்கும் காய்ந்த இரத்தத்துக்கும் இடைப்பட்ட சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் பால் நிறத்தில் கொக்கியும் சுருளும் கண்ணுமாக ஓடுகிற கோலம். ஒரே மாதிரி இரண்டு துண்டுகளை நெய்து நடுவில் சேர்த்துத் தைத்திருந்தது. தைத்த இடத்தில் கோலத்தின் ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. புகையும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம் அதிலிருந்து வந்தது. புவா கும்பு என்று அன்ரி பெயர் சொன்னார். அவர்களுடைய ஊரில் சடங்குக்கு எடுக்கும் சீலை.

சீலையைத் தந்துவிட்டு அன்ரி ஐந்து வசனம் சொன்னார். விரலை மடக்கி எண்ணிய மாதிரி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது என் அம்மா நெய்தது. நான் பிறந்தபோது என்னை இதில்தான் ஏந்தினார்கள். எங்கள் வீட்டில் யாராவது இறந்தால் இதைச் சுற்றிவரக் கட்டி அதற்குள்தான் கிடத்துவோம். இதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கக் கூடாது, காற்றில் விட்டால் போதும். ஒரு நாள் எனக்கும் இதைத்தான் கட்ட வேண்டும், அதனால் பத்திரமாகத் திருப்பித் தா.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா.

அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் கிடந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வசனத்தை நான் எப்படிச் சொல்வேன்? அதை விழுங்கினேன். ஐந்தாவது அதன் வாலாக வந்தது, அதையும் விழுங்கினேன். நடுவில் அகப்பட்ட நாலாவது, பாவம், ஒரு குற்றமும் செய்யாதது, அதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"அவவின்ர அம்மா நெய்ததாம். அவ பிறக்கேக்க இதிலதான் ஏந்தினவையாம். தம்பிக்குத் தாறா."

"கடவுளே, என்ன மனசு! தாங்ஸ் எண்டு சொல்லு பிள்ளை. பெரிசாச் சொல்லு."

பெரியம்மா அந்தச் சீலையை என்ன செய்தார் தெரியுமா? ஏணை கட்டினார். கொண்டுவந்த புடவையெல்லாம் நைலோன், பிள்ளைக்கு வியர்க்கும் என்று ஏற்கனவே புலம்பிக்கொண்டிருந்தார். இது தடித்த பருத்தி. என்னுடைய அடுக்குக் கட்டிலின் மேல் சட்டத்துக்குக் குறுக்கே அப்பா வேலைத்தலத்திலிருந்து ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து கட்ட, அதிலிருந்து ஏணை தொங்கியது. மேலே நான், கீழே சிவப்புப் பொதிக்குள் தம்பி. இரண்டு நாளாக நெஞ்சில் போட்டால் மட்டும் தூங்கிய பிள்ளை, ஏணையில் போட்டதும் கண்ணை மூடினான். அந்தக் குழாயின் கிறீச் கிறீச் சத்தம் இல்லாமல் எனக்கும் தூக்கம் வராது என்றாகிவிட்டது. வீடு மாறியபோது அதை எங்கே போட்டார்களோ தெரியாது.

அன்ரி வந்து இந்தக் கோலத்தைப் பார்க்கும் நாளுக்காக நான் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். அவர் வந்தார். பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கள் ஊரிலும் பிள்ளையைச் சீலையில் போட்டுத்தான் ஆட்டுவோம். இந்தச் சீலையில் அல்ல, ஆனால் பரவாயில்லை, இவன் அதற்குப் பிடித்த பிள்ளை" என்றார். அதை மட்டும் நான் மகிழ்ச்சியாக மொழிபெயர்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உள்ளி மணத்துக்குத் தப்பி நான் அன்ரி வீட்டுக்கு ஓடிவிடுவேன். அன்ரி வேலை முடிந்து வந்து காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருப்பார். கைகள் எப்போதும் வெளிறி, நுனிகள் சுருங்கி இருக்கும், பகல் முழுக்க ஆஸ்பத்திரி ப்ளீச்சில் ஊறிய கைகள். பிஸ்கட் தருவார், கதையும் தருவார். அந்தக் கோலம் அவருடைய அம்மாவுக்குக் கனவில் வந்ததாம். கனவு வராமல் பெரிய கோலத்தைத் தொட்டால் நெய்கிறவளுக்கு நோய் வரும். முதலில் நூலை இழுத்துக் கட்டி, கோலம் வரவேண்டிய இடங்களை ஓலை நாரால் முடிந்து முடிந்து, பிறகு சாயத்தில் போடுவார்களாம். நெய்வதற்கு முன்பே கோலம் நூலில் வந்துவிடும். ஓரத்தில் ஓடுகிற கோடுகள் வேலி. வேலி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "முதலை" என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல முதலை" என்று திருத்தினார்.

எல்லாவற்றிலும் கடினம் அந்தச் சிவப்பாம். ஒரு மரத்தின் வேரில் எடுப்பது. நூல் அந்தச் சிவப்பைக் குடிக்க வேண்டுமானால் முதலில் அதைப் பழக்க வேண்டும். எண்ணெய், உப்பு, இஞ்சி என்று என்னென்னவோ சேர்த்து, பெண்கள் மட்டும் கூடி, பலி கொடுத்து, நாட்கணக்கில் செய்கிற சடங்கு. தலைமை தாங்குகிறவளுக்கு வலு இல்லாவிட்டால் நூல் சிவக்காது, ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "என் அம்மா இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை இந்த நிறம் வந்தது. ஆண்கள் சண்டைக்குப் போய் வந்த மாதிரி அன்று அம்மாவுக்கு மரியாதை" என்றார். உங்களுக்கும் நெய்யத் தெரியுமா என்று கேட்டேன். "எனக்குக் கனவே வராது. படுத்தால் கட்டைதான்" என்று சொல்லி மீண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பெரியவளான பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன், மிகப் பழைய காலத்தில் போரில் வெட்டிய தலைகளையும் இப்படிப்பட்ட சீலையில்தான் ஏந்தி வாங்குவார்களாம். தம்பியை ஏணையில் ஆட்டிய பெரியம்மாவை நினைத்துக்கொண்டு நூலகத்திலேயே சிரித்துவிட்டேன். இதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. இது மறைத்த கணக்கில் சேராது என்று நினைக்கிறேன்.

தம்பி பிறந்து மூன்று கிழமை இருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். கதவு தட்டப்பட்டது. அன்ரி நின்றார். வேலை உடுப்போடு, கோட்டு இல்லாமல். முகத்தில் எதுவுமே இல்லை. குனிந்து என் காதுக்கருகில் சொன்னார்.

"என் அம்மா இறந்துவிட்டார். அண்ணன் ரெலிபோன் எடுத்தான். என்னால் போக முடியாது. சீலையைக் கட்ட வேண்டும். இன்றே கட்ட வேண்டும்."

பெரியம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னவாம்?"

அறைக்குள் அம்மா விழித்திருந்தார். முதல் நாள்தான் பால் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருந்தோம்.

"அன்ரிக்குச் சீலை வேணுமாம்."

"இப்பவோ?"

"ஓம். இண்டைக்கே வேணுமாம்."

பெரியம்மா அன்ரியின் முகத்தைப் பார்த்தார். அன்ரி பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அன்ரி எட்டி என்னுடைய அறைக்குள் பார்த்தார். தம்பி ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தான். அன்ரி விரலை உதட்டில் வைத்து, எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, எங்கள் ஹோலில் வெறும் நிலத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். தாய் செத்த செய்தி வந்த அன்று, அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்கி எழும்பட்டும் என்று காத்திருந்தார். நான் எதிரே வீட்டுப்பாடக் கொப்பியை விரித்து வைத்து, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதினேன். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார். அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

"என்னக்கா, ஆர் வந்திருக்கிறது?" என்று அம்மா அறையிலிருந்து கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரிதான்" என்று பெரியம்மா உரத்துச் சொன்னார். "தந்த சாமானைத் திருப்பிக் கேட்டு வந்து குந்திக்கொண்டிருக்கிறா. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியுமட்டும் பொறுக்கேலாதாம். என்ன மனுசியோ!"

அன்ரிக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து பெரியம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது. அது ஒரு நாள் இரண்டு நாள் கோபம் அல்ல. பள்ளிக்கூடம் முடிந்து, யூனிவர்சிட்டி முடிந்து, கல்யாணமும் கட்டிய பிறகும், அவர் எனக்கு எத்தனை தரம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாலும், உள்ளே ஒரு மூலையில் அந்த வசனம் கிடந்தது.

தம்பி எழும்பினான். பெரியம்மா ஏணையை அவிழ்த்தார். அன்ரி எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். பெரியம்மா சீலையைக் கொடுக்கவில்லை. தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"துடக்குச் சீலையை அப்பிடியே குடுக்கேலாது. தோய்ச்சுத்தான் குடுக்கவேணும். கெதியாக் கொண்டுவந்து தாறன் எண்டு சொல்லு."

இங்கேதான் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நாலாவது வசனம் எனக்குள் இருந்தது. சவர்க்காரம் போடக் கூடாது. ஆனால் அதை எடுத்தால், அதனோடு பிணைந்து கிடக்கிற மற்ற இரண்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் வசனங்கள் அப்படித்தான் கோர்த்துக்கொண்டு கிடந்தன. அன்ரியிடம் திரும்பி, "பெரியம்மா உடனே கொண்டுவந்து தருவா" என்று மட்டும் சொன்னேன். அன்ரி தலையாட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அவர் போனதும் பெரியம்மா அவர் இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதையும் நான் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

நிலவறையில் இருந்த தோய்க்கும் அறைக்கு நானும் கூடப் போனேன். மெஷினில் சீலையைப் போட்டு, சுடுதண்ணீரைத் திருப்பி, தூளைப் போட்டு, பிறகு ப்ளீச் போத்தலைத் திறந்து நேரே அதன் மேல் ஊற்றினார் பெரியம்மா. நல்ல மனதோடு, தாராளமாக ஊற்றினார். இந்த நாட்டில் வெள்ளை வெளேரென்று துணி வருவதற்கு இதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே தண்ணீர் புரளும் சத்தம் கைக்குத் தெரிந்தது.

எடுத்து உதறியபோது ஒரு தலைப்பில், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இடம் வெளிறிப்போயிருந்தது. கோலம் இருந்தது, சிவப்பு இல்லை. பழைய ரோசா நிறம். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் மங்கல், ஆனால் தப்பிவிட்டது. பெரியம்மா அந்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு காயப் போட்டு, மடித்து, வெளிறின இடம் உள்ளே போகும்படி மடித்து, என் கையில் தந்தார். "வாசல்ல நிண்டு குடுத்திட்டு வா. உள்ளுக்குப் போகாதை."

அன்ரி வாசலிலேயே பிரித்துப் பார்த்தார். அவர் மடிப்பை விரிக்க முன்பே ப்ளீச் மணத்தில் தெரிந்துகொண்டார், நாள் முழுக்க அந்த மணத்தில் நிற்கிறவர் அல்லவா. வெளிறின இடத்தில் கையை வைத்தார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வந்த சிவப்பு அது. அந்தச் சிவப்பை உண்டாக்கியவர் செத்த அன்றே அது போயிருந்தது.

"யார் தோய்த்தது?"

"பெரியம்மா. சுத்தமாகத் தரவேண்டும் என்று."

அவர் சீலையைத் திரும்ப மடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், "உன் பெரியம்மாவுக்கு என் நன்றியைச் சொல்."

அன்று நான் முழுதாக மொழிபெயர்த்த வசனம் அது ஒன்றுதான். கேட்டதும் பெரியம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த எட்டு நாளும் பெரியம்மா ஒரு வேலை வைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் என் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. எங்கள் வீட்டில் சுறாவும் திருக்கையும் மணக்கும்போது அன்ரிக்கு மட்டும் மச்சம் இல்லை. ஒரு மீன் துண்டு வைத்தால் என்ன, எவ்வளவு கஞ்சத்தனம் என்று நினைத்தேன். "வாசல்ல வைச்சிட்டு, முதல் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. அவ என்னவும் தந்தா வாங்காதை." அன்ரியும் வெறும் பெட்டியைத் திருப்பித் தர மனமில்லாதவர், ஒவ்வொரு நாளும் எதையாவது உள்ளே வைக்கப் பார்ப்பார். தோடம்பழம், அன்னாசி ரின். நான் தலையை ஆட்டி மறுப்பேன். திறந்த கதவுக்குள்ளால், சுவரில் இரண்டு ஆணியில் சீலை தொங்குவது தெரியும். கீழே ஒரு கோப்பையில் கொஞ்சச் சோறு, ஒரு சின்னப் படம். வெளிறின இடத்தை அவர் கீழே மறைத்து மடிக்காமல், மேலேயே தெரிய விட்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பெரியம்மா, "இண்டைக்கு அவ தாறதை வாங்கலாம்" என்றார். பெட்டிக்குள் ஒரு மீன் துண்டும் இருந்தது. கோபம் தணிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற தீட்டுக் கழிந்த பிறகு பெரியம்மாவே அன்ரி வீட்டுக்குப் போகத் தொடங்கினார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போஞ்சிக்காய் உடைப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. என்னையும் கூப்பிடுவதில்லை. ப்ளீச் ஊற்றியதற்குப் பரிகாரம் செய்கிறார் என்று எண்ணினேன். நாங்கள் பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு வீடு வாங்கிப் போன பிறகும் ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்குப் பெரியம்மா பலகாரம் சுட்டு என்னைக் கார் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி அங்கே போவார். தம்பி வளர்ந்து, ஆறடிக்கு நீண்டு, வான்கூவரில் வேலையும் எடுத்துவிட்டான்.

போன வசந்தத்தில் அன்ரி போய்விட்டார். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு எண்பத்தைந்து. வீல்செயாரில் தள்ளிக்கொண்டு போனேன். சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து அன்ரியின் அண்ணன் மகள் வந்திருந்தார், எங்கள் வயதுதான் இருக்கும். பெட்டிக்கு முன்னால் சிலுவை. பின்னால், பெட்டியை மூன்று பக்கமும் அணைத்த மாதிரி, சீலை. அது இருந்தது. முழுதாக இருந்தது. அன்ரி கேட்டபடியே அவருக்கும் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், அந்த வெளிறின வட்டம்.

பெரியம்மா வீல்செயாரின் பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"உது நான் செய்த வேலை" என்றார். "நாப்பது வருசமாகப் போகுது. இப்பவும் கிடக்கு."

அப்போது எனக்கு வாய் திறந்தது. "பெரியம்மா, அண்டைக்கு அன்ரி சொன்னதில ஒரு வசனத்தை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. அவவின்ர அம்மா செத்துப்போனா எண்டு சொன்னவ. அதுக்குத்தான் சீலையைக் கேட்டவ."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும்தானே."

"என்னண்டு?"

"செத்த வீட்டு முகம் எனக்குத் தெரியாதே, பிள்ளை? கண்ணாடியில பார்த்த முகம்தானே. தாய் நெய்த சீலையை, கோட்டும் போடாமல் ஓடிவந்து கேக்கிறா. வேறென்னத்துக்கு? கொம்மாவுக்குக் கேட்டிடும் எண்டுதான் உரத்து ஏதோ பேசினன். உனக்கும் தெரியாதெண்டு நினைச்சன். சின்னப்பிள்ளை, தெரிஞ்சாப் பயந்திடுவாய் எண்டு உனக்கும் சொல்லேல்லை."

அந்த எட்டு நாள் மரக்கறிச் சோறு என் கண் முன்னால் வந்தது. அடுப்பு மூட்டாத செத்த வீட்டுக்கு அயல்வீடு கொடுத்து அனுப்புகிற சோறு. எட்டாம் நாள் கழியும்வரை மச்சம் வைக்கக் கூடாது, செத்த வீட்டிலிருந்து கைநீட்டி ஒன்றும் வாங்கவும் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து அங்கே காலெடுத்து வைக்கவும் கூடாது. எல்லா முறையையும் ஒன்றும் பிசகாமல் செய்திருக்கிறார். நான் கஞ்சத்தனம் என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருடமும்.

"அப்ப ஏன் தோய்ச்சனீங்கள்?"

"பிள்ளைப்பெத்துத் துடக்குச் சீலையைச் செத்தவவுக்குக் கட்டலாமே? சுத்தமாக் குடுக்கவேணும் எண்டு நினைச்சன். அந்த ப்ளீச்... அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"தோய்க்க வேண்டாம் எண்டு அன்ரி சொன்னவ, பெரியம்மா. முதல் நாளே. சீலையைத் தரேக்கயே. அதையும் நான் விட்டிட்டன்."

இது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோர்ட்டில் எத்தனையோ தீர்ப்புகளுக்குக் காத்திருந்திருக்கிறேன். இவ்வளவு பயந்ததில்லை.

"ஒன்பது வயசுப் பிள்ளையின்ர தலையில எவ்வளவத்தைத்தான் ஏத்தி வைச்சனாங்கள்" என்றார். கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார். பிறகு பழைய பெரியம்மாவாகிவிட்டார். "அங்க நிக்கிற அந்தப் பிள்ளையைக் கூப்பிடு. உதை ஆர் செய்தது, ஏன் செய்தது எண்டு சொல்லு. மன்னிப்புக் கேட்டதெண்டும் சொல்லு. ஒண்டும் விடாதை."

ஒன்றும் விடாமல் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணன் மகள் கைகளைக் கோர்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பெரியம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவரைப் பார்த்தே பேசினார்.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா. அதே குரல், அதே கேள்வி.

"ஊரில ஒருக்கா, அதுக்குத் திரும்பச் சாயம் போட்டுத் தாறம் எண்டு கேட்டவையாம். அன்ரி மறுத்துப்போட்டாவாம். அந்த இடத்தை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு சொன்னவவாம். 'நான் அழாமல்தான் அந்த வீட்டு வாசல்ல நிண்டனான், ஆனா அந்த மனுசிக்குத் தெரிஞ்சு போச்சு. என்ர அம்மாவுக்கெண்டு தன்ர கையால தோய்ச்சுத் தந்தவ. எட்டு நாளும் சோறு வந்தது. ரொறன்ரோவில என்ர அம்மாவுக்கு அழுத இன்னொரு ஆள் அவதான்' எண்டு அன்ரி சொன்னவவாம்."

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பெண்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றும் தெரியாமல் நின்ற ஆள், நடுவில் நின்று மொழிபெயர்த்த நான் ஒருத்திதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன்.

பெரியம்மா எட்டிச் சீலையின் நுனியைப் பிடித்து, சுருங்கியிருந்த ஒரு மடிப்பைப் பெருவிரலால் நீவிச் சரிசெய்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் பெரியம்மா. முழுக்க."